எல்.கே.ஜி. சுவரில் பஞ்சு

நாலாவது கையைப் பச்சைச் சாயத்தில் அமுக்கிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது கை என் புடவையில் பதிந்துவிட்டது. நல்ல பதிவு. விரல்கள் விரிந்து, உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. சுவரில் பதிக்கச் சொல்லிக் கெஞ்சினாலும் இப்படி ஒன்று கிடைக்காது. நர்சரி வகுப்பில் டிசம்பர் மாதம் என்றால் இதுதான். சுவருக்குப் போக வேண்டியதெல்லாம் முதலில் டீச்சர் மேல் வரும்.

உப்பளம் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பி பிரிவு என்னுடையது. டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு சுவரை அலங்கரிக்க வேண்டும். மரம், நட்சத்திரம், குடில், பனிமனிதன், கிறிஸ்துமஸ் தாத்தா. விடுமுறைக்கு முந்தின நாள் பெற்றோர் வந்து பார்ப்பார்கள். மேலே, ‘எங்கள் கைவண்ணம்’ என்று எழுதியிருக்கும். வரைவது மிஸ், வெட்டுவது மிஸ், ஒட்டுவது மிஸ். குழந்தை செய்வது ஒன்றுதான், பக்கத்தில் நின்று ஃபோட்டோவுக்குச் சிரிப்பது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நாலு வயதுக் குழந்தை செய்ததாகச் சொல்லி ஒரு சீரான பூ ஒட்டியிருந்தால், அதைச் செய்தவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்றைக்கு அவள் வீட்டில் உப்புமாதான் ஆகியிருக்கும். நீங்களும் என் டீச்சர் ஜாதி என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் அதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன். மரம் முழுக்கக் குழந்தைகளின் கைகள். ஒவ்வொரு கையும் ஒரு கொத்து இலை. எது எப்படி வந்தாலும் நான் ஓர் இலையைக்கூடத் திருத்த மாட்டேன். ஏன் என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். எனக்கு ஏற்கெனவே வரையத் தெரியும், அதை யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பனி எங்கே?

எங்கள் தொழிலில், பனி என்று சொல்லிச் சுவரில் ஒட்டும் பஞ்சு பனி இல்லை. அது திருத்தம். காகிதம் கிழிந்தால் அதன் மேல் பஞ்சு. சாயம் வழிந்தால் பஞ்சு. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் வந்துவிட்டால் குல்லாவிலிருந்து கொஞ்சம் பஞ்சை நெற்றிக்கு இறக்கிவிட்டால் போதும். சுருள் சுருளாக வாங்குவோம். மருந்துக் கடைக்காரர் யாருக்கு அடிபட்டது என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

எங்கள் கோஆர்டினேட்டர் செசிலியா மேடம் நல்லவர். அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம். பச்சைக் கைகள் பாதி ஏறியிருந்த சுவரைப் பார்த்துவிட்டு, "பனி எங்க?" என்றார்.

"இங்க பனி பெய்யாது மேடம். மழைதான். பசங்களுக்கு மழை நல்லாத் தெரியும்" என்றேன். வெளியே அப்போதும் மழைதான். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து முன்வரிசைக் குழந்தைகளின் முடி நனைந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஏழெட்டு ரெயின்கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, அல்லது காய முயன்றுகொண்டிருந்தன. மேடம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சாட்சிகள் என் பக்கம் இருந்தும் தீர்ப்பு அவர் பக்கம் போனது.

"இந்த ஊர்ல சிங்கமும்தான் இல்ல. அதுக்காக எல் ஃபார் லயன் சொல்லித் தராம விட்டுட்டியா?"

வெள்ளை உடம்புக்காரர்

ஒரு பனிமனிதனுக்கு மட்டும் ஒத்துக்கொண்டேன். இரண்டு பேப்பர் தட்டு, ஒன்றின் மேல் ஒன்று. மூக்குக்கு ஆரஞ்சு சார்ட்டில் ஒரு காரட். ஒட்டும் வேலை தர்ஷனுக்கும் ஜெனிஃபருக்கும். முடித்த பிறகு, யாரென்று சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால், "இது யாரு?" என்று கேட்டேன். அது என் தப்பு.

"பிள்ளையார்" என்றான் தர்ஷன். "தொப்பை இருக்குல்ல." காரட்டை அவன் கீழ்நோக்கி வளைத்து ஒட்டியிருந்தான். "ஃபாதர்" என்றாள் ஜெனிஃபர். "வெள்ளை அங்கி போட்டிருக்காரு. தொப்பை இருக்கு." வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. தும்பிக்கை உள்ள ஃபாதர் எங்கே இருக்கிறார் என்று தர்ஷன் கட்சி கேட்டது. வெள்ளை அங்கி போட்ட பிள்ளையாரைக் காட்டு என்று ஜெனிஃபர் கட்சி கேட்டது. பெரியவர்கள் இதே விஷயத்தை இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

நடுவில் புகுந்தேன். இவர் பனிமனிதன், ரொம்பக் குளிரான ஊரில் குழந்தைகள் பனியைப் பிடித்து இவரைச் செய்வார்கள், கொஞ்ச நாள் வைத்து விளையாடுவார்கள், வெயில் வந்தால் கரைந்துபோய்விடுவார் என்று விளக்கினேன். ஜெனிஃபர் சோகமாகிவிட்டாள். தர்ஷன் அவளைப் பார்த்துத் திரும்பினான். அவன் வழக்கு ஜெயித்துவிட்டது அவனுக்குத் தெரிந்தது.

"அப்பப் பிள்ளையார்தான் மிஸ். நாங்க செஞ்சதையும் கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டு பீச்சுல கொண்டுபோய்க் கரைச்சுட்டோம்."

நேரில் பார்த்தவர்

என் வகுப்பில் மிஷேல் என்று ஒரு பையன். அப்பாவுக்கு பிரான்சில் வேலை, அம்மாவும் பையனும் இங்கே. நோயலுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, அப்பா வந்துவிடுவார். அவர் ஒரு நாள் பையனைக் கூட்டிப்போக வந்தபோது மேடம் அவரை நேராக என் வகுப்புக்கு அழைத்துவந்துவிட்டார். பனியை நேரில் பார்த்தவர் வாயால் நான் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அவருக்குக் குழந்தைகள் உட்காரும் நாற்காலிதான் கிடைத்தது. முழங்கால் தாடையைத் தொட, உயரமான மனிதர் மடங்கி உட்கார்ந்தார். "மிசியே, நீங்களே சொல்லுங்க, டிசம்பர்ல பனி எவ்ளோ அழகா இருக்கும்!" என்றார் மேடம்.

"மொத நாள் நல்லாத்தான் இருக்கும் மதாம். மறுநாள் காரும் பஸ்ஸும் போயிப் போயி ஒரே சேறு. மழைக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு இருக்கும் பாருங்க, அதே கலர்தான்." பேண்டைக் கொஞ்சம் தூக்கி, அங்கே பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்ட காலைக் குழந்தைகளுக்குக் காட்டினார். குழந்தைகள் தொட்டுப் பார்த்தார்கள். தர்ஷன் இரண்டு முறை தொட்டான். மேடம் சிரித்துக்கொண்டே, "இருந்தாலும் சுவத்துல கொஞ்சம் பனி இருந்தா நல்லாருக்கும் இல்லையா?" என்று விட்டுக்கொடுக்காமல் கேட்டார். மிஷேலின் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

"பனிய அங்கயே பாத்துக்குவேன் மதாம். இந்த மழையப் பாக்கத்தான் டிக்கெட் போட்டு வந்திருக்கேன்."

மறுநாள் குழந்தைகள் நீலச் சாயத்தில் விரலைத் தோய்த்து, மரத்தின் மேல் நெடுக்கு நெடுக்காக மழை இழுத்தார்கள். நான் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

ஓர் இலை ஜாஸ்தி

ஒரு நாளைக்கு ஐந்தாறு கைகள்தான் பதிக்க முடியும். அதற்கு மேல் போனால் கழுவிவிட முடியாது. யாழினியின் முறை வருவதற்கு முந்தின நாள் அவள் அம்மா குமுதா பள்ளி கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அரியாங்குப்பத்திலிருந்து வருகிறவர். மகளை விட்டுவிட்டு, டவுனில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிறவர். எப்போதும் அவசரத்தில் இருப்பார். அன்றைக்கு அவசரம் இல்லாதவர்போல ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

யாழினிக்கு வலது கையில் ஆறு விரல். கட்டைவிரல் பக்கத்தில் குட்டியாக ஒன்று. வகுப்பில் அதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை. ஆனால் யாராவது பெரியவர்கள் உள்ளே வந்தால் யாழினியின் வலது கை தானாக மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

"மிஸ், அவளுக்கு மட்டும் லெஃப்ட் கைய வெச்சுடுங்க. பெரிய ஆஸ்பத்திரியில காட்டியிருக்கோம், இன்னும் கொஞ்சம் வளந்ததும் எடுத்துடலாம்னாங்க. எப்படியும் எடுக்கத்தான போறோம், அத எதுக்கு சுவத்துல வெச்சுக்கிட்டு? எல்லாரும் ஃபோட்டோ வேற எடுப்பாங்க" என்றார்.

"எந்தக் கை வேணுமோ அந்தக் கையக் குடுன்னுதான் எல்லார்கிட்டயும் கேக்கறேன் யாழினி அம்மா. அவகிட்டயும் அப்படித்தான் கேப்பேன்" என்றேன். அவர், "பாத்துப் பண்ணுங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கேட்டேன். யாழினி இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். மூடித்தான் நீட்டினாள். மூடிய கையில் சாயம் பிடிக்காது. நான் சாயத் தட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒவ்வொரு விரலாகத் திறந்தது. சுவரில் அழுத்தி எடுத்தபோது அந்தக் குட்டி விரல்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவாக விழுந்திருந்தது. பின்னால் வரிசையில் நின்ற தர்ஷன் எட்டிப் பார்த்தான். "மிஸ், யாழினிக்கு மட்டும் ஒரு இலை ஜாஸ்தி இருக்கு" என்றான். நான் சாயத் தட்டை அவன் பக்கம் திருப்புவதற்குள் அவன் தன் கையை நீட்டிவிட்டான்.

"எனக்கும் ஆறு வெச்சு விடுங்க மிஸ்."

நாலு மணி

குழந்தைகள் போன பிறகு நாலு மணிக்குத்தான் மற்ற வகுப்புகளில் வேலை ஆரம்பிக்கும். பக்கத்து அறையில் ஏ பிரிவு சாந்தி மிஸ் ஸ்டூல் மேல் நின்று பனிமலை கட்டிக்கொண்டிருந்தார். பைன் மரங்கள், மான் இழுக்கும் வண்டி, விளக்கு எரியும் ஜன்னலோடு ஒரு மர வீடு. அருமையான சுவர். அந்த மர வீட்டில் ஒரு நாள் ஓய்வெடுக்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கே தோன்றியது.

என் சுவரை அதன் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சையும் சிவப்பும் கலந்த இடமெல்லாம் பழுப்பு. மரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஜன்னல் பக்கம் நின்று பதிக்க யாருக்கும் பிடிக்கவில்லை. நட்சத்திரங்கள் எல்லாம் அடிமரத்தில் குவிந்து கிடந்தன. அவர்களுக்கு எட்டிய இடம் அதுதான். பிள்ளையார் என்றும் ஃபாதர் என்றும் இன்னும் முடிவாகாதவர் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

மேடம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "நாளைக்கு எல்லாப் பேரன்ட்சும் வராங்க. புது அட்மிஷன் கேட்டு வரவங்களும் பாப்பாங்க. இதப் பாத்து இந்த டீச்சர் ஒண்ணுமே செய்யலன்னுதான் நினைப்பாங்க" என்றார்.

"அதான் மேடம் விஷயம். நான் ஒண்ணுமே செய்யல."

"இத சரி பண்ணலன்னா ஜூன்ல உனக்கு கிளாஸ் குடுக்கணுமான்னு நான் யோசிக்கணும். கீழ கிரெஷ்ல கைக்குழந்தைங்களப் பாத்துக்க ஆள் கேக்கறாங்க." அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். சாந்தி மிஸ் வாசலில் வந்து நின்று, தன் பங்குக்கு ஒரு சுருள் பஞ்சை நீட்டினார். "ஒரு மணி நேரம் உக்காந்தா முடிஞ்சிடும்டி. நானும் கூட இருக்கேன்." அன்பாகத்தான் நீட்டினார். நான் வாங்கவில்லை. ஒரு வெள்ளை அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதினேன். ‘இது குழந்தைகள் செய்தது. பெரியவர்கள் கை வைக்கவில்லை.’ ஸ்டூல் போட்டு ஏறி, மரத்துக்கு மேலே, நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டினேன். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

அறையைப் பெருக்கும் செல்வி அக்கா விளக்குமாற்றோடு உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார்.

"இன்னா மிஸ், இதுல எதப் பெருக்கணும், எத உட்டுடணும்?"

வெள்ளையாக ஒன்று

காலையில் நான் வந்தபோது சுவர் அப்படியே இருந்தது. மழை இருந்தது, சாய்ந்த மரம் இருந்தது, என் அட்டை இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டு பையை மேசையில் வைத்தபோதுதான் பார்த்தேன். சுவர் முழுக்க ஒரே ஓர் இடத்தில் பஞ்சு. யாழினியின் கையில், கட்டைவிரல் பக்கத்தில், எலுமிச்சம்பழத்தில் பாதி அளவுக்கு. ‘பெரியவர்கள் கை வைக்கவில்லை’ என்ற அட்டைக்குக் கீழே அது இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

மேடம் எனக்காகவே வராந்தாவில் நின்றிருந்தார். "உன் சுவத்துல வேற எதையும் தொடல. அந்தப் பொண்ணோட அம்மா ஃபோன்ல அழுதாங்க. நான் வேற என்ன பண்றது?"

"மறைக்கணும்னா எல்லாக் கை மேலயும் வெச்சு மறைங்க மேடம். ஒருத்தி கையில மட்டும் பனி பெய்யாது."

"நீ அத எடுத்தேன்னா நான் சொன்னதுதான். கிரெஷ்."

எடுக்கத்தான் போனேன். பஞ்சில் விரலை வைத்தும்விட்டேன். மைதாப் பசை இன்னும் ஈரமாக இருந்தது, இந்த மழையில் எதுவும் காய்வதில்லை. ஒரு இழுப்பில் வந்துவிடும். விரலை எடுத்துக்கொண்டேன். கிரெஷ்ஷுக்குப் பயந்து இல்லை. அந்தப் பஞ்சுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவர் இன்னும் வந்து சேரவில்லை.

ஒன்பதரைக்குப் பெற்றோர் வந்தார்கள். நனைந்த குடைகளை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தவர்கள், சுவரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார்கள். மேடம் எதிர்பார்த்த தயக்கம்தான். ஆனால் குழந்தைகள் தயங்கவில்லை. ஓடிப்போய் அவரவர் கையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் கையை வைத்துக் காட்டினார்கள். "இது நான்!" "இதுதான் நான்!" தர்ஷன் அவன் அப்பாவை இழுத்துப்போய்ப் பிள்ளையாரைக் காட்டினான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

யாழினி அவள் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து, தன் கையைத் தேடி, வலது கையை நன்றாக விரித்து அதன் மேல் வைத்தாள். ஐந்து விரல்களும் பொருந்தின. குட்டி விரல் பஞ்சின் மேல் நின்றது. எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் யார் யாரோ பெரியவர்கள் நின்றிருந்தார்கள். அவள் கை மூடிக்கொள்ளவில்லை.

"மிஸ், என் குட்டி விரல் மேல ஏதோ விழுந்துடுச்சு."

மேடம் வேகமாக அங்கே வந்து, குமுதாவிடம் ஆண்டு விழா உடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெள்ளை ஃபிராக், முட்டிக்குக் கீழே இருக்க வேண்டும், நெட் துணி வேண்டாம், குழந்தைக்கு அரிக்கும். குமுதா மேடத்தின் முகத்தையே பார்த்து, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வகுப்பா கிரெஷ்ஷா என்பது ஜூனில்தான் தெரியும், கிரெஷ்ஷுக்கும் நாலு சுவர் இருக்கிறது.

மேடத்தின் பேச்சு ஷூவின் நிறத்துக்கு வந்திருந்தது. குமுதா தலையாட்டிக்கொண்டே, பின்பக்கமாகக் கையை விட்டு, நகத்தால் பஞ்சைச் சுரண்டி எடுத்தார். மிச்சம் இருந்த இழைகளைத் துப்பட்டா நுனியால் துடைத்தார். பஞ்சை உருட்டி, கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.